ஊட்னடாட்டா பாதை: இடிபாடுகளும் ஊற்றுகளும்

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், மாரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் போகும் மண் சாலைக்கு ஊட்னடாட்டா பாதை என்று பெயர். இடையில் ஊர் என்று சொல்ல வில்லியம் க்ரீக்கும் ஊட்னடாட்டாவும்தான். முதலாவதில் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெயில் தணிந்த மாதங்களில் நகரங்களிலிருந்து ஜனங்கள் பெரிய வண்டிகளில் தண்ணீரும் பெட்ரோலும் ஏற்றிக்கொண்டு இந்தப் பாதைக்கு வருகிறார்கள். சாயங்காலமானதும் ஏதாவது ஓர் இடிந்த கட்டிடத்தருகே வண்டியை நிறுத்திக் கூடாரம் அடிக்கிறார்கள். பெரஸ்ஃபோர்டில் கூரை போன ரயில்வே வீடும் தண்ணீர்த் தொட்டியும். ஆல்ஜிபக்கினாவில் ரயில் ஓடாத இரும்புப் பாலம். குழாய் கிடையாது, காவல்காரன் கிடையாது. யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. விடிந்ததும் போய்விடுகிறார்கள்.

அந்தப் பாதையை நான் பார்த்ததில்லை. வரைபடமும் படித்த புத்தகங்களுமே என் கைமுதல். போய்வந்தவர்கள் எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வார்த்தைதான் இதை எழுதத் தூண்டியது: இலவசம். இடம் இலவசம், விறகு இலவசம், நட்சத்திரங்கள் இலவசம். வரலாறும்கூட அப்படித்தான் கிடைப்பதாக ஒரு தொனி அதில் இருக்கிறது. ஒரு பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது அதற்கு ஏற்கனவே விலை கொடுத்தவன் யார் என்று கேட்பது அற்பத்தனமாகப் படலாம். ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. கண்ணுக்கெட்டிய தூரம் வெற்றுவெளி. எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம். ஏன் இடிந்த சுவரைத் தேடிப் போகிறார்கள்? சுவர் காற்றைத் தடுக்கும் என்பது ஒரு காரணம். தட்டையான நிலத்தில் நிமிர்ந்து நிற்கும் எதன்மீதும் மனசு ஒட்டிக்கொள்ளும் என்பது இன்னொன்று. இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: இடிபாடுகளை ரசிப்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் நமக்குக் கற்றுத்தந்த பழக்கம். அந்தப் பழக்கத்தின் விசித்திரம் என்னவென்றால், இடிபாடு அங்கே ஒரு முகவரி மட்டுமே. 1798இல் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையின் தலைப்பில் டின்டர்ன் மடம் வருகிறது. கவிதைக்குள் மடம் இல்லை. மனிதர் தம்மைப் பற்றி யோசிக்க ஓர் இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஊட்னடாட்டா பாதையில் படுப்பவரும் பெரும்பாலும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த இடிபாடுகள் ஏன் இப்படி ஒரே வரிசையில், கோர்த்த மாதிரி நிற்கின்றன என்பதற்கு மனசுக்குள் பதில் கிடைக்காது. பதில் பூமிக்கடியில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல், ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர், நிலத்தடியில் ஒரு பெரும் நீர்ப்படுகை. கிழக்கே மலைகளில் பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, லட்சக்கணக்கான வருஷங்கள் மெதுவாக நகர்ந்து, தென்மேற்கு விளிம்பில் அழுத்தத்தால் மேலெழும்பி வருகிறது. வரும்போது கொண்டுவரும் உப்பும் சுண்ணாம்பும் படிந்து படிந்து மேடுகளாகின்றன. மேட்டின் உச்சியில் ஊற்று. ஐர் ஏரியின் தெற்கிலும் மேற்கிலும் இந்த ஊற்றுகள் ஒரு வில் மாதிரி வளைந்து கிடக்கின்றன. வறண்ட நிலத்தைக் குறுக்கே கடக்க வேறு வழியில்லை. ஊற்றிலிருந்து ஊற்றுக்குத்தான் போக முடியும்.

அரபானா மக்களுக்கு இது தெரிந்திருந்தது. செங்காவியும் அரைக்கும் கற்களும் செய்திகளும் கதைகளும் இந்த வழியே பல நூறு மைல்கள் போய்வந்தன. 1859இல் ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் இந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனார். பின்பு 1862 ஜூலையில் கண்டத்தின் வடகடலையே எட்டினார். அவருடைய ஆரம்பப் பயணங்களுக்குச் செலவு செய்தவர்கள் மேய்ச்சல் நிலமும் தாதுவும் தேடியவர்கள். 'கண்டுபிடித்தார்' என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. வழி தெரிந்தவர்களின் வழியில் ஒருவர் நடந்து, அதைக் காகிதத்தில் ஏற்றினார் என்றால் கணக்குச் சரியாக இருக்கும். அதே காகிதத்தை வைத்துத் தந்தி வந்தது. தந்திக்குப் பின் ரயில் வந்தது. நடந்தவர்கள் இடிபாடு எதையும் விட்டுவைக்கவில்லை. பாதையில் இன்று 'வரலாற்றுச் சின்னம்' என்று நிற்பவற்றில் அநேகமாக எல்லாமே கல்லும் இரும்பும் கொண்டு பின்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை. கல் வைத்துக் கட்டியவனுக்குத்தான் வரலாறு என்ற ஏற்பாட்டை நம்மிலும் பலர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

தந்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1870இல் சார்ல்ஸ் டாட் என்ற அதிகாரியின் பொறுப்பில் வேலை தொடங்கியது. 1872 ஆகஸ்ட் 22 அன்று இரண்டு பக்கமிருந்தும் வந்த கம்பிகள் இணைக்கப்பட்டன. தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர், 36,000 கம்பங்கள். அந்தக் காலத்து மின்சாரத்தால் அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போக முடியாது. சில நூறு கிலோமீட்டருக்கொரு நிலையம் வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா வருகிற செய்தியைக் காதால் கேட்டு, கையால் மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். இந்தப் பாதையில் ஸ்ட்ராங்வேஸ் ஸ்பிரிங்ஸிலும் பீக்கிலும் இன்று நிற்கும் கல்சுவர்கள் அப்படிப்பட்ட நிலையங்களின் மிச்சம்.

அந்தக் கம்பி டார்வினில் கடலுக்குள் இறங்கி, ஜாவாவில் பான்யுவாங்கியில் ஏறி, பட்டேவியா, சிங்கப்பூர், பினாங்கு வழியாக வந்து சேர்ந்த இடம் சென்னை. பினாங்கையும் சிங்கப்பூரையும் சென்னையோடு சேர்த்த கடல்கம்பி 1871இல் திறக்கப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து தரைவழியே பம்பாய், அங்கிருந்து ஏடன், சூயஸ், இங்கிலாந்து. 1872 அக்டோபரில், இடையில் அறுந்திருந்த ஜாவா கம்பி சரிசெய்யப்பட்டபின், அடிலெய்டின் கம்பளி விலையும் லண்டனின் அரசியலும் இந்த வழியே போக ஆரம்பித்தன. ஸ்ட்ராங்வேஸின் கல்வீட்டில் ஒருவன் தட்டிய சொல்லைச் சென்னையில் இன்னொருவன் கேட்டு மறுபடி தட்டியிருக்கிறான். இருவருக்கும் அந்தச் சொல்லோடு வேறெந்த சம்பந்தமும் இல்லை. நவீன இருப்பு பற்றி நம் பத்திரிகைகளில் இத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோமே, அதன் ஸ்தூலமான தொடக்கங்களில் ஒன்று இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பத்திலிருந்த பீங்கான் குமிழ்களை அந்த நிலத்து மக்கள் எடுத்து, தட்டிச் செதுக்கி, ஈட்டிமுனைகளாக்கினார்கள். கம்பியும் இரும்புத் தகடும்கூட ஆயுதமாயின. தந்தி இலாகாவுக்கு இது திருட்டு. நல்ல கல் கிடைக்காத நிலத்தில், கல்லைவிடக் கூர்மையாக உடையும் ஒரு பொருளைத் தங்கள் நாட்டின் குறுக்கே வரிசையாக நட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்கு அது வேறு ஏதோ.

இதே கம்பியில் இன்னும் வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்த தந்தி அதிகாரி ஃப்ரான்சிஸ் கில்லன். வழிபாடும் சடங்கும் உறவுமுறையும் கேட்டுக் குறித்து வைத்தவர். பால்ட்வின் ஸ்பென்ஸரோடு சேர்ந்து 1899இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் பற்றி அவர் வெளியிட்ட நூலில் அரண்டாக்களோடு 'உரபுன்னா' என்ற பெயரில் அரபானாக்களும் வருகிறார்கள். 1912இல் டர்க்ஹைம் பாரிஸில் மதத்தின் ஆதி வடிவங்கள் பற்றி எழுதியபோதும், 1913இல் ஃப்ராய்ட் வியன்னாவில் குலக்குறியும் விலக்கும் பற்றி எழுதியபோதும் பக்கத்திலிருந்த சாட்சிகளில் முக்கியமானவர்கள் ஸ்பென்ஸரும் கில்லனும். தொன்மம், ஆழ்மனம் என்று நாம் சரளமாக எடுத்தாளும் சொற்களுக்கு அடியில், ஒரு தந்தி ஆபீசில் வேலை நேரம் முடிந்தபின் நடந்த பேச்சுகள் இருக்கின்றன. கில்லனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1891இல், பூர்வகுடிகளைக் கொன்றதாகப் புகாருக்குள்ளான வில்ஷயர் என்ற போலீஸ்காரரை விசாரித்துக் கொலை வழக்குக்கு அனுப்பியவர் அவர். நீதிமன்றம் வில்ஷயரை விடுவித்துவிட்டது.

ரயிலின் கதை வேறு மாதிரி. அதில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. 1865இல் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவை அதிகாரி, வறட்சியைக் குதிரைமேல் சுற்றிப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்: இதற்கு வடக்கே விவசாயம் நிலைக்காது. சில வருஷம் நல்ல மழை பெய்ததும் அவரைப் பரிகாசம் செய்தார்கள். ஏர் போகும் இடத்துக்கு மழையும் போகும் என்று ஒரு சித்தாந்தமே உருவாயிற்று. 1878இல் அந்தக் கோட்டுக்கு வெகு வடக்கே ஓர் ஊரை நிர்மாணித்துப் பின்பு அதற்கு ஃபரீனா என்று பெயர் வைத்தார்கள்; லத்தீனில் மாவு என்று பொருள். கோதுமை விளையும் என்ற எதிர்பார்ப்பு. கோதுமை விளையவில்லை. கொஞ்ச காலம் ரயில் முனையாகவும் ஒட்டகங்கள் சரக்கேற்றும் இடமாகவும் அந்த ஊர் உயிரோடிருந்தது, பிறகு காலியாயிற்று. 2009 முதல் தன்னார்வலர்கள் வருஷாவருஷம் வந்து சுவர்களைத் தாங்கி நிறுத்துகிறார்கள். தரைக்கடியிலிருந்த பழைய ரொட்டி அடுப்பை மூட்டிச் சில வாரங்கள் ரொட்டி சுட்டு விற்கிறார்கள். மாவு கடைசியில் வெளியிலிருந்துதான் வந்தது.

மாரீக்கு 1884இல், ஊட்னடாட்டாவுக்கு 1891இல் வந்த ரயில் அங்கேயே முப்பத்தெட்டு வருஷம் நின்றுவிட்டது. 1929இல்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டியது. மூன்றடி ஆறங்குல கேஜ். நம் மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம் அகலம். ஆல்ஜிபக்கினாவில் நீல்ஸ் ஆற்றின்மேல் 578 மீட்டர் நீளத்துக்கு இரும்புப் பாலம் கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி அந்த ஆறு மணல். ஆனால் வெள்ளம் வந்தால் பாலமில்லாத மற்ற இடங்களில் பாதை அடித்துக்கொண்டு போய்விடும். பிரயாணிகள் நடுவழியில் நாட்கணக்கில் காத்திருந்த கதைகள் ஏராளம். 1980இல் வெகு மேற்கே, வெள்ளம் எட்டாத நிலத்தில் புதுப் பாதை போட்டுவிட்டு இதை மூடினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். யுத்தத்தாலோ பஞ்சத்தாலோ இந்த ரயில்வே இடிபாடுகள் உண்டாகவில்லை. ஒரு நிர்வாக முடிவால் உண்டானவை. கர்டிமுர்க்கா ஸ்டேஷனில் கேங்மேன்கள் குடியிருந்த வரிசைவீடு இன்னும் நிற்கிறது. அதனருகே நிற்கும் வயதானவர்களில் பலர் அந்த வீட்டின் அடுப்பு எரிந்த காலத்திலேயே உத்தியோகம் பார்த்தவர்கள். தங்கள் ஆயுளுக்குள்ளேயே புராதனமாகிவிட்ட ஒன்றின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய ஸ்லீப்பர் கட்டைகளைக் குளிருக்கு மூட்டி எரிப்பதும் உண்டு. அது இன்னொரு வகை வாசிப்பு.

ஒட்டகக்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது. 1866இல் தாமஸ் எல்டர் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றோடு ஆட்களையும் கொண்டுவந்தார். பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் என்று எங்கிருந்து வந்தாலும் அவர்கள் எல்லோருக்கும் 'ஆப்கான்' என்றே பெயர். தந்திக்கும் ரயிலுக்கும் சாமான் சுமந்து, இரண்டும் எட்டாத இடங்களுக்கு மாவும் தேயிலையும் கொண்டு போனவர்கள். மாரீயில் தண்டவாளத்தின் ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் இவர்களும் பூர்வகுடிகளும். 1901இன் குடியேற்றச் சட்டம் புதிதாக வருபவர்களுக்குக் கதவைச் சாத்திற்று. ஃபரீனா சுடுகாட்டில் ஒதுக்கமாக அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. மாரீயில் அவர்கள் கட்டிய மண் மசூதிக்கு இன்று ஒரு மாதிரி வடிவம்தான் மிச்சம். பெயரின் பாதியை எடுத்து ரயிலுக்கு 'கான்' என்று வைத்துக்கொண்டார்கள்.

இப்போது இலவசத்துக்கு வருகிறேன். பாதையின் இரு பக்கத்திலும் நிலம் பெரும்பாலும் மேய்ச்சல் குத்தகை. வில்லியம் க்ரீக்கைச் சுற்றியிருக்கும் அன்னா க்ரீக் பண்ணை உலகிலேயே பெரியது. பதினைந்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 1989இன் மாநிலச் சட்டப்படி பொது வழியையொட்டி வழிப்போக்கர் தற்காலிகமாகத் தங்கலாம். வீடு, கொட்டகையிலிருந்து ஒரு கிலோமீட்டரும் கால்நடைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அரைக் கிலோமீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். உயிரோடிருக்கும் வீட்டுக்கு இந்த மரியாதை.

வங்கியில் குத்தகைப் பத்திரமும் அடமானப் பத்திரமும் புரட்டுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு: யாரும் படிக்காத ஷரத்தைத் தேடுவது. இந்தக் குத்தகைகளிலும் அப்படி ஒன்று இருக்கிறது. 1848இல் லண்டனில் காலனி மந்திரியாயிருந்த ஏர்ல் க்ரே வற்புறுத்தியதன் பேரில், 1851 முதல் தெற்கு ஆஸ்திரேலிய மேய்ச்சல் குத்தகைகளில் பூர்வகுடிகளுக்கென்று ஓர் ஒதுக்கீடு எழுதப்பட்டது. குத்தகை நிலத்துக்குள் வரவும் போகவும், ஊற்றுகளையும் மேல்நிலத் தண்ணீரையும் பயன்படுத்தவும், வழக்கப்படி குடிசை போட்டுத் தங்கவும், வேட்டையாடவும் முழுமையான, இலவச உரிமை. இலவசம் என்ற அந்த வார்த்தையே அதில் இருக்கிறது. புறம்போக்கு என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு சொல்லால் நிலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அதில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு அதையே தானமாகக் கொடுக்கும் வாக்கியம். அதையாவது நடத்தினார்களா என்றால், பண்ணைக்கு முதலில் வேண்டியது ஊற்றுதான். ஸ்ட்ராங்வேஸில் 1860களில் ஆட்டுப்பண்ணை வந்தது. ஊற்றைச் சுற்றி ஆடு. ஆடு மேய்க்க அரபானாக்கள். கூலி பெரும்பாலும் சாப்பாடும் துணியும். ஷரத்து பத்திரத்தில் பத்திரமாக இருந்தது.

1992இல் மாபோ தீர்ப்பு, இந்த நிலம் யாருடையதுமாக இருக்கவில்லை என்ற கோட்பாட்டைத் தள்ளுபடி செய்தது. அதற்கு இருபது வருஷம் கழித்து, 2012 மே மாதம், ஃபெடரல் நீதிமன்றம் ஃபினிஸ் ஸ்பிரிங்ஸில் கூடி, அறுபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அரபானா மக்களின் பூர்வ உரிமையை அங்கீகரித்தது. பண்ணைகளை வெளியேற்றும் உரிமை அல்ல. குத்தகைக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் உரிமை. அதன் பட்டியலில் நிலத்துக்குள் போகலாம், வேட்டையாடலாம், தண்ணீர் எடுக்கலாம், கூடாரமிட்டுத் தங்கலாம் என்ற வகை இனங்கள். 1851இன் ஷரத்துக்கு 161 வருஷம் பிடித்திருக்கிறது, காகிதத்திலிருந்து காகிதத்துக்கு வர. ஒரு வார விடுமுறையில் வண்டியோட்டி வருகிறவனுக்குக் கேட்காமலே கிடைத்திருப்பது இதில் பெரும்பகுதி. அவனைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவன் செய்வது சட்டத்துக்கு உட்பட்டது, பெரும்பாலும் நல்ல மனசோடு செய்வது. ஆனால் அவன் எழுதும் பிரயாணக் குறிப்பில் 'யாருமில்லாத இடம்' என்று வரும்போது எனக்குப் படிப்பது தடைப்படுகிறது.

ஊற்றுகளுக்கும் வேறு கதி நேர்ந்தது. ரயிலுக்காகப் போட்ட துளைகளில் சில அடைக்கப்படாமல் பல பத்து வருஷங்கள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன. கோவர்ட் ஸ்பிரிங்ஸில் அப்படி ஓடிய நீரில் ஒரு நாணல்காடே வளர்ந்துவிட்டது. 1982இல் ஒப்பந்தச் சட்டம் இயற்றி, ஒலிம்பிக் டாம் தாமிர, யுரேனியச் சுரங்கத்துக்கு இதே படுகையிலிருந்து நீர் எடுக்க வழிசெய்தார்கள். எடுத்த கிணறுகளுக்கு அருகிலிருந்த ஊற்றுகளில் சில மெலிந்தன, சில நின்றுபோயின. வற்றிய ஊற்று பார்வைக்கு ஒரு வெண்ணிற மேடு, அவ்வளவுதான். சுவரில்லை, கூரை விழவில்லை. அதைப் படம் எடுக்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் கற்பித்த லூயிஸ் ஹெர்கஸ் என்ற அம்மையார், 1960கள் முதல் டேப் ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு அரபானா முதியவர்களோடு இந்த வழியெல்லாம் அலைந்தார். 1994இல் அந்த மொழிக்கு இலக்கணம் வெளியிட்டார், 2018இல் இறந்தார். வரைபடத்திலுள்ள பெயர்கள் அடிலெய்டின் மந்திரிகளுடையதும் கவர்னர் மனைவியுடையதும். முதியவர்களிடம் ஊற்றுகளுக்கு வேறு பெயர்கள் இருந்தன, பெயர்களுக்குக் கதைகள். பிளாஞ்ச் கப் என்று கவர்னர் மனைவியின் பெயரால் வழங்கும் ஊற்றுக்கு அரபானாவில் திர்க்கா, அதாவது அடுப்பு. ஆதியில் ஒருவர் பக்கத்து ஊற்றில் பெரிய பாம்பைக் கொன்று, இங்கே கொண்டுவந்து சுட்டுத் தின்றார். தலையைத் தூக்கியெறிந்தார், அது சற்றுத் தள்ளி ஒரு குன்றாகக் கிடக்கிறது. பாம்பு புரண்ட இடத்தில் தண்ணீர் இன்னும் மணலைக் கிளறிக் குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வழியில் தங்கி, சமைத்து, சாப்பிட்டவர்களில் கதையாக மிஞ்சியிருக்கும் மூத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். இப்போது அது பாதுகாக்கப்பட்ட பூங்கா. பகலில் பலகைப் பாதைமேல் நின்று பார்க்கலாம். கூடாரம் போட அனுமதி இல்லை. தங்க வேண்டுமானால் சில கிலோமீட்டர் தள்ளி கோவர்ட் ஸ்பிரிங்ஸுக்குப் போய்க் காசு கட்ட வேண்டும்.